பதினாலு நாட்டு மூக்கு

காலை பத்து நாற்பதுக்கு அந்தக் கட்டடத்தின் இருபது வீட்டுப் போன்களும் ஒரே நேரத்தில் சிணுங்கும். மூன்றாம் மாடி ஏர்போர்ட் அக்காவின் குரல் செய்தி வந்துவிட்டது என்று அர்த்தம். அடுப்படியில் நிற்பவர்கள் கையைத் துடைத்துக்கொள்வார்கள். முதல் மாடிப் பல் டாக்டர், வாயைப் பிளந்தபடி நாற்காலியில் கிடப்பவரிடம் "ஒரே நிமிஷம், மூடிடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனைக் காதில் வைத்துக்கொள்வார்.

"எல்லாருக்கும் வணக்கம். கீழ போர்டுல இன்னைக்கு மெக்சிகோன்னு போட்டிருக்கு. மெக்சிகோவுல நான் ஒண்ணரை வருஷம் இருந்திருக்கேன். ரொட்டியை மடிச்சுக் குடுத்துட்டு அதைச் சமையல்ங்கறாங்க. மடிக்கறது சமையல்னா எதிர்க்கடை இஸ்திரிக்காரர்தான் பெரிய சமையல்காரர். அதுலயும் கீழ இருக்கற தம்பி பீன்ஸை அரை வேக்காட்டுல இறக்கிட்டார். பால்கனியில நின்னாலே தெரியுது. துணிச்சல் இருக்கறவங்க போய்ச் சாப்பிடலாம். நான் சொல்றதைச் சொல்லிட்டேன்."

துணிச்சல் யாருக்கும் இல்லை. அன்று மதியமும் கீழ்த்தளத்துச் சாப்பாட்டுக் கடையின் நான்கு மேஜைகளும் துடைத்தது துடைத்தபடி பளபளத்தன.

அக்காவின் கணவர் பாலம் கட்டும் கம்பெனியில் இன்ஜினியராக இருந்தவர். எந்த நாட்டில் ஆறு குறுக்கே வந்தாலும் கம்பெனி அவரை அனுப்பும். அவரோடு அக்காவும், அக்காவோடு ஒரு குக்கரும் போவார்கள். இப்படிப் பதினாலு நாடு. ஓய்வு பெற்று இங்கே வந்த பிறகும் அக்கா இன்னும் முழுதாக இறங்கி வந்தபாடில்லை. தலைவலி மாத்திரை இருக்கிறதா என்று கேட்டுப் போனால்கூட இரண்டு நாட்டைத் தாண்டித்தான் மாத்திரைக்கு வர முடியும். 'நல்லா சமைக்கிறவங்க, நாலு இடம் பாத்தவங்க' என்று கட்டடமே அவர் வாயைப் பார்த்தது. அந்த வாயைப் பார்த்து வயிறு எரிந்தவள் ஒருத்திதான். கீழ்த்தளத்துத் தையல்காரி.

அவள் புருஷனை எல்லோரும் கப்பல் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருஷம் சரக்குக் கப்பலில் சமைத்தவர். ஒன்பது மாதம் கடல், இரண்டு மாதம் வீடு. ஒவ்வொரு நாட்டுக்காரனும் வீட்டு நினைப்பு வந்து கண் கலங்கும்போது அவன் அம்மா சமையலைச் சொல்லச் சொல்லக் கேட்டுச் செய்து கற்றவர். மகளுக்குப் பத்து வயது. "அப்பா கூப்பிடறார் பாரு" என்றால் போனைத் தேடி ஓடுகிற பிள்ளை. கப்பல் வீட்டோடு வந்து இரண்டு மாதமான பிறகும், பக்கத்து அறையிலிருந்து அவர் கூப்பிட்டால் அது முதலில் போனைத்தான் எடுத்துப் பார்த்தது. அதைக் கண்ட அன்றுதான் தையல்காரி தன் தையல் அறையைக் காலி செய்து கடைக்குக் கொடுத்தாள். தையல் மிஷினை மட்டும் விட மனமில்லை. அதன் மேல் பலகையைப் போட்டு அதையே கல்லாவாக்கிக்கொண்டாள்.

"மூணு மாசம் பாப்போம். ஓடலேன்னா நான் திரும்பக் கப்பலுக்கே போறேன்" என்று புருஷன் அப்போதே சொல்லியிருந்தார். இப்போது கப்பல் கம்பெனியிலிருந்து கடிதமும் வந்துவிட்டது. நாலு பக்கம். முப்பதாம் தேதிக்குள் வருவதாகப் பதில் எழுத வேண்டும். அது மிஷின் இழுப்பறையில், நூல்கண்டுகளுக்கு நடுவில் கிடந்தது. அன்றைக்குத் தேதி இருபத்தொன்று.

"எழுதிடலாம்னு பாக்கறேன்" என்றார் கப்பல்.

"கையை உடைச்சிடுவேன்" என்றாள் தையல்காரி.

"கை உடைஞ்சாலும் கப்பல்ல ஏத்திப்பாங்க. அங்க ருசியைப் பத்தி யாரும் பேச மாட்டாங்க."

கடைக்கு வாடிக்கையாளர் என்று ஒரே ஒருவர் உண்டு. சாயங்காலம் நாலு மணிக்கு, நடைப்பயிற்சிக் காலணியோடு, தெருவை இருபுறமும் பார்த்துவிட்டு உள்ளே நுழைவார். தூணுக்குப் பின்னால் இருக்கும் மூன்றாம் மேஜையில் தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, போர்டில் என்ன நாடு எழுதியிருக்கிறதோ அதைச் சுத்தமாகச் சாப்பிட்டு முடிப்பார். ஏர்போர்ட் அக்காவின் கணவர், பாலம் சார்.

"பீன்ஸ் அரை வேக்காடா சார்?" என்று தையல்காரி கேட்டாள்.

"வெண்ணெய் மாதிரி இருக்கும்மா. இன்னும் கொஞ்சம் வை."

"அதை மேல போய்ச் சொல்லலாமே."

"சொன்னா, 'உங்களுக்கு எப்படித் தெரியும்'னு கேப்பாளே." அவர் மேஜையை ஆட்டிப் பார்த்தார். "இது ஆடுது பாரு. கால் மேல தப்பில்ல. தரைதான் இந்த மூலையில ரெண்டு மில்லி இறங்கியிருக்கு. சரியான தடிமன்ல ஒரு காகிதம் கிடைச்சா போதும்."

"வைங்களேன் சார். தினம் சொல்றீங்க."

"சரியான தடிமன் கிடைக்கணும்மா. அவசரப்பட்டு வைக்கறது பாலம் கட்டறவன் வேலை இல்ல."

இரண்டு மாதமாகச் சரியான தடிமன் கிடைக்கவில்லை. மேஜை ஆடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை தையல்காரி மனதைத் திடப்படுத்திக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஏறினாள்.

"அக்கா இருக்கீங்களா?"

"கீழ்க்கடைப் பொண்ணா? வா, வா. செருப்பை வெளியே விட்டுடு. லிஸ்பன்ல எல்லாம் செருப்போடயே வந்துடுவாங்க, பெருக்கிப் பெருக்கி என் இடுப்பு போச்சு."

சமையலறையில் ஃபிரிட்ஜ் கதவு முழுக்கப் பதினாலு நாட்டுக் காந்தப் பொம்மைகள் ஒட்டியிருந்தன. மேடையில் ஒரு குக்கர். விமான நிலையங்களில் தூக்கிப்போட்டுத் தூக்கிப்போட்டு நாலு பக்கமும் நசுங்கி, சாமான் சீட்டின் பசைத் தழும்போடு உட்கார்ந்திருந்தது.

"அக்கா, ஒரு நாள் கீழ வந்து சாப்பிட்டுப் பாருங்களேன். அதுக்கப்புறம் என்ன வேணா சொல்லுங்க."

"நான் எதுக்கும்மா சாப்பிடணும்? டாக்டர் என்ன, காய்ச்சலைத் தனக்கு வரவழைச்சா பாக்கறார்? கையைப் புடிச்சுப் பாத்தா தெரிஞ்சுடாது?"

"மூக்கு வேற, நாக்கு வேற இல்லையா அக்கா?"

"உனக்கு வேற. எனக்கு ரெண்டும் ஒண்ணு. இது பதினாலு நாட்டு மூக்கு. உக்காரு, இத்தாலி சாப்பிட்டுட்டுப் போ."

கிண்ணத்தில் மக்ரோனி வந்தது. மஞ்சள் நிறத்தில், கடுகு தாளித்து, மேலே வறுத்த மிளகாயோடு.

"இதுதான் இத்தாலியா அக்கா?"

"திருத்தின இத்தாலி. அவங்களுக்குத் தக்காளியை விட்டா வேற தெரியாது. அந்தத் தக்காளியை வச்சுக்கிட்டே உலகத்தை ஏமாத்திட்டாங்க. அவங்க விட்டதையெல்லாம் நான் சேர்த்திருக்கேன்." இன்னொரு பாத்திரம் திறந்தது. "இது துருக்கி. அங்க எதுக்கெடுத்தாலும் தயிர். கை சுட்டாலும் தயிர்தான் தடவுவாங்க போல. நான் தயிரை எடுத்துட்டேன்." அதிலும் மஞ்சள், கடுகு, வறுத்த மிளகாய். மூன்றாவது போர்ச்சுகலாம். தையல்காரி கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டிருந்தால் எந்த எல்லையைத் தாண்டினோம் என்றே தெரிந்திருக்காது.

"எப்படி?"

"எல்லாம் ஒரே கைமணம் அக்கா."

"அதைச் சொல்லு!" என்று அக்கா பூரித்துப்போனார். "உன் வீட்டுக்காரரையும் வரச் சொல்லு. கத்துத் தர்றேன்."

தையல்காரி இறங்கி வந்தபோது கப்பல் கேட்டார். "என்ன சொன்னாங்க?"

"உங்களுக்குக் கத்துத் தர்றாங்களாம்."

"எந்த நாட்டை?"

"எல்லாத்தையும். ஒரே பாத்திரம் போதுமாம்."

இப்படியே இருபத்தேழாம் தேதி, புதன்கிழமை வந்தது. தையல்காரிக்கு ஒரு வழக்கம். ஞாயிற்றுக்கிழமையே ஆறு போர்டுகளையும் எழுதி அடுக்கிவிடுவாள். திங்கள் இத்தாலி, செவ்வாய் எகிப்து, புதன் ஜப்பான், வியாழன் மெக்சிகோ, வெள்ளி துருக்கி, சனி போர்ச்சுகல். காலை எட்டு மணிக்கு மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வருகிற வேகத்தில் அன்றைய போர்டைக் கை தானாக எடுத்து மாட்டிவிடும். அந்தப் புதன்கிழமையும் மாட்டியது. ஆனால் முந்தின நாளே சிலிண்டர் தீர்ந்துபோயிருந்தது. காலையில் வருவதாகச் சொன்ன சிலிண்டர்காரர் பத்தரை ஆகியும் வரவில்லை. கப்பல் முள்ளங்கியைச் சீவி வைத்துவிட்டுக் குளிர்ந்த அடுப்புக்கு முன்னால் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

பத்து நாற்பதுக்கு போன் சிணுங்கியது.

"எல்லாருக்கும் வணக்கம். இன்னைக்குக் கீழ ஜப்பான். ஒசாகாவுல நான் ரெண்டு வருஷம் இருந்தவ. அந்த சூப்பைக் கொதிக்கவே விடக் கூடாது, அதான் அதோட ரகசியம். கீழ தம்பி தளதளன்னு கொதிக்க விட்டிருக்கார். கடல்பாசி அடிப்பிடிச்ச வாசனை என் கொடி வரைக்கும் வந்துடுச்சு. துவைச்சு காயப்போட்ட துணியைத் திரும்ப ஊற வச்சிருக்கேன்னா பாத்துக்குங்க."

கப்பல் அடுப்பின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "கொதிக்குதாமே" என்றார்.

தையல்காரிக்குச் சிரிப்பு வந்தது. கல்லாப் பலகையில் தலையை வைத்துச் சிரித்தாள். அதற்குள் குழுவில் பதில்கள் வர ஆரம்பித்தன. 'நன்றி அக்கா, ஜன்னலைச் சாத்திட்டேன்.' 'எனக்குக் காலைலேர்ந்தே ஒரு மாதிரி இருந்துச்சு, இப்பதான் காரணம் புரியுது.' பல் டாக்டர்: 'இங்கேயும் வருகிறது. பேஷன்ட் மூக்கைப் பொத்திக்கொண்டிருக்கிறார்.' கட்டடச் செயலாளர்: 'புகை விஷயம் அடுத்த கூட்டத்தில் முதல் பொருளாக எடுத்துக்கொள்ளப்படும்.'

சிரிப்பு நின்றது. தையல்காரி விறுவிறுவென்று எழுதினாள். 'அக்கா, இன்னைக்கு எங்க கடையில இன்னும் அடுப்பே பத்த வைக்கல. சிலிண்டர் காலி.' கட்டைவிரல் அனுப்பும் அம்புக்குறி மேல் நின்றது.

"அனுப்பாதே" என்றார் கப்பல்.

"ஏன்? இன்னையோட அந்தம்மா வாய் மூடும்."

"அவங்க வாய் மூடும். மத்தவங்க வாய் சாப்பிடத் திறக்குமா? டாக்டருக்கே தீஞ்ச வாசனை வந்துடுச்சே. இருபது வீட்டு மூக்கும் பொய்னு நீ எழுதினா, அவங்க மேலயா கோபம் வரும்? நம்ம மேலதான் வரும்."

"அப்போ நீங்க கப்பலேறிப் போயிடுங்க. போய் உப்புக்காத்துல நிம்மதியா இருங்க. உங்க பொண்ணு போனுக்கு முத்தம் குடுத்துட்டு இருக்கட்டும்."

கப்பல் கத்தியை எடுத்து, சீவிய முள்ளங்கியை மறுபடி சீவினார்.

அப்போது வாசலில் நிழலாடியது. பாலம் சார். நாலு மணிக்கு வருகிறவர் பதினொரு மணிக்கு வந்திருந்தார். காலில் நடைப்பயிற்சிக் காலணி இல்லை, வீட்டுச் செருப்பு. அதுவும் ஒன்று அவருடையது, ஒன்று அக்காவுடையது.

"அனுப்பிட்டியாம்மா?"

"எதை சார்?"

"அடுப்பு எரியலங்கறதை. எனக்கும் மூக்கு இருக்கேம்மா. காலைலேர்ந்து ஒரு வாசனையும் வரல. இவ பேசப் பேச எனக்குப் பக்குன்னு ஆயிடுச்சு. அனுப்பிட்டியா?"

"இன்னும் இல்ல."

அவர் மூன்றாம் மேஜையில் பொத்தென்று உட்கார்ந்தார். மேஜை ஆடியது.

"சார், நேராவே கேக்கறேன். அக்கா இதையெல்லாம் எப்பவாவது சாப்பிட்டிருக்காங்களா? ஜப்பான்ல, மெக்சிகோவுல?"

"இல்ல."

"ஒரு வாய்?"

"ஒரு வாய் இல்ல. பதினாலு நாடு, பதினாலு அடுப்பு. எல்லா நாட்டுலயும் அதே குக்கர், அதே சோறு, அதே பருப்பு."

"நீங்களாவது வேலை இடத்துல..."

"காலை ஆறு மணிக்கு டப்பா கட்டிக் குடுத்துடுவா. சாயங்காலம் டப்பாவை மோந்து பாப்பா, நான் மிச்சம் வச்சேனான்னு. நான் எங்கேம்மா சாப்பிட?"

கப்பல் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்றார். "ஏன் சார் அப்படி?"

"முதல் நாடு, முதல் நாள்" என்றார் பாலம் சார். "அவளுக்கு இருபத்திரண்டு வயசு. ஹோட்டல்ல கம்பெனி சாப்பாடு சொல்லியிருந்தாங்க. நான் வேலை இடத்துலேர்ந்து வர நேரமாயிடுச்சு. பசி தாங்காம, இருக்கறதுலயே நல்ல உடுப்பை உடுத்திக்கிட்டுத் தனியா இறங்கிப் போயிருக்கா. கல்யாண ஆல்பம் மாதிரி ஒரு புத்தகத்தைக் கையில குடுத்திருக்கான். படம் இல்ல, தெரிஞ்ச எழுத்து ஒண்ணு இல்ல. இவ தைரியமா மூணு வரி மேல விரலை வச்சிருக்கா. அவன் என்னமோ கேட்டிருக்கான், இவ தலையாட்டியிருக்கா. அவன் போய் இன்னொருத்தனைக் கூட்டிட்டு வந்திருக்கான். அப்புறம் இன்னொருத்தன். எல்லாரும் சிரிச்சிருக்காங்க. பக்கத்து மேஜைக்காரங்களும்."

"எதைக் காட்டினாங்க?"

"ஹோட்டல் திறக்கற நேரம், மூடற நேரம், விடுமுறை நாள்."

தையல்காரிக்குச் சிரிப்பு வரப் பார்த்து, வராமல் நின்றது.

"மேல வந்து பெட்டியைத் திறந்து குக்கரை எடுத்தா. அன்னைக்கு வச்ச சோறுதான். அதுக்கப்புறம் எந்த ஊர்ல எந்தக் கடை வாசலையும் அவ மிதிக்கல. ஆனா வேடிக்கை பாக்காம இருக்க மாட்டா. மெக்சிகோவுல சந்தைக்குப் பக்கத்துல ஒரு கடை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மா ரொட்டி மடிச்சுக் குடுக்கும். இவ தினம் வெளியே நின்னு அதையே பாத்துட்டு இருப்பா. வீட்டுக்கு வந்து, 'இது ஒரு சமையலா'ன்னு ஆரம்பிப்பா." அவர் இரு கால் செருப்பையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டார். "எனக்காக ஒண்ணும் வேண்டாம்மா. அனுப்பறதுன்னா அனுப்பு. உன் நியாயம் உனக்கு இருக்கு. ஆனா இருபது வீடும் சிரிச்சுட்டா, அவ திரும்பவும் மேல வந்து பெட்டியைத் திறப்பா. எனக்கு மறுபடி டப்பா கட்டிடுவா."

"எங்க போறதுக்கு சார்?"

"பால்கனிக்குத்தான். வேற எங்க?"

சிலிண்டர் ஒரு மணிக்கு வந்தது. தையல்காரி எழுதியதை அனுப்பவுமில்லை, அழிக்கவுமில்லை. போனைக் கையில் பிடித்தபடி மூன்றாம் மாடிக்கு ஏறினாள்.

கதவைத் திறந்த அக்காவின் கையில் சோப்பு நுரை. உண்மையாகவே துணியைத் திரும்ப ஊற வைத்திருந்தார்.

"அக்கா, காலையில எங்க அடுப்பு எரியவே இல்ல. சிலிண்டர் காலி."

அக்கா நுரைக் கையால் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"எரியலேன்னா என்ன? நேத்து வாசனை தங்கியிருக்கும்."

"நேத்து எகிப்து அக்கா."

"காத்து... முந்தாநாள்..."

"முந்தாநாள் இத்தாலி. உங்களுக்குத்தான் தெரியுமே, தக்காளி."

அக்கா கை நுரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். "குரூப்புல போட்டுட்டியா?"

"போடல." தையல்காரி போனைக் காட்டினாள். "எழுதி வச்சிருக்கேன். எனக்கு ஒரு உதவி வேணும். நாளைக்கு மூணு மணிக்கு வாங்க. கடையில யாரும் இருக்க மாட்டாங்க, எப்பவுமே இருக்கறதில்ல. ஷட்டரையும் பாதி இறக்கிடறேன். மெனு அட்டை புதுசா எழுதியிருக்கோம். நான் ஒவ்வொண்ணா வாசிச்சு இது என்ன, எதுல செஞ்சதுன்னு சொல்றேன். உங்களுக்கு எது பிடிக்குதோ அதைச் சொல்லுங்க. விரல் வச்சுக் காட்ட வேண்டிய வேலையே இல்ல."

அக்காவின் முகம் சிவந்தது. "அந்த மனுஷன் வாயைத் திறந்துட்டாரா?"

"எப்பவாவது திறக்கறார்."

"பேசறதுக்கா, சாப்பிடறதுக்கா?"

தையல்காரி போனைத் தாழ்த்தினாள்.

"நாலு மணிக்கு நடக்கப் போயிட்டு வர்ற மனுஷன் மேல வேர்வை வாசனை வரணும். இவர் மேல திங்கக்கிழமை பூண்டு, செவ்வாய்க்கிழமை வதக்கின வெங்காயம். ரெண்டு மாசமா மோந்துட்டுத்தான் இருக்கேன். அது ஒண்ணுல என் மூக்கு பொய் சொல்லாது."

"தெரிஞ்சும் கேக்கலையா அக்கா?"

"கேட்டா நிறுத்திடுவாரே" என்றார் அக்கா. கதவைச் சாத்தும்போது, "மூணு மணிக்கா, மூணரைக்கா?" என்று கேட்டார்.

மறுநாள் மூன்று மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே அக்கா வந்துவிட்டார். இருக்கிறதிலேயே நல்ல உடுப்பு. கையில் பை. பைக்குள் டப்பா இருந்தது, எதற்கும் ஒரு பாதுகாப்புக்கு. தெருவை இருபுறமும் பார்த்துவிட்டு ஷட்டருக்கு அடியில் குனிந்து நுழைந்து, நேராகத் தூணுக்குப் பின்னால் போய் மூன்றாம் மேஜையில் தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். புருஷன் பொண்டாட்டி இருவருக்கும் ஒளிய ஒரே இடம்தான் தோன்றியிருந்தது.

தையல்காரி எதிரே உட்கார்ந்து அட்டையை வாசித்தாள். சிரிக்காமல், அவசரப்படாமல், மகளுக்குப் பாடம் சொல்வதுபோலவும் இல்லாமல். "இது சோள ரொட்டி. உள்ள பீன்ஸ் வச்சு மடிச்சது. இது அதே ரொட்டிதான், முட்டை வச்சது. இது எலுமிச்சையும் வெங்காயமும் போட்ட பச்சடி மாதிரி, தொட்டுக்க."

"முதல்ல சொன்னது."

"மடிச்சதா?"

"மடிச்சதுதான். ரெண்டு தடவை சொல்லணுமா?"

திரைக்குப் பின்னால் கப்பல் ரொட்டியைக் கல்லிலிருந்து எடுத்தார். கடல் கொந்தளிப்பில் இருபது பேருக்குச் சமைத்தவர், ஒரு ரொட்டியை மூன்று தடவை மடித்துப் பிரித்தார். தட்டு வந்தது. அக்கா அதைப் பார்த்தார். பழக்கதோஷத்தில் முதலில் மோந்தார். பிறகு இரண்டு கையாலும் எடுத்து ஒரு கடி கடித்தார்.

மென்றார். மென்றுகொண்டே இருந்தார். கண் எங்கோ நிலைத்திருந்தது. தையல்காரி இழுப்பறையில் கிடக்கும் கடிதத்தை நினைத்தாள். கப்பல் திரையை ஒரு விரல் அளவு விலக்கினார்.

"உப்பு கம்மி" என்றார் அக்கா.

தையல்காரிக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "அக்கா, மனசாட்சியோட..."

"இரு, இரு" என்று கப்பல் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். பீன்ஸ் பாத்திரத்தில் கரண்டியை விட்டு வாயில் வைத்துப் பார்த்தார். வெளியே வந்து தலையைச் சொறிந்தார். "அக்கா சொல்றது சரிதான். பதட்டத்துல உப்பே போடல."

இரண்டு மாதத்தில் அக்கா சொன்ன கருத்துகளில் உண்மையாக இருந்தது அதுதான். அக்காவுக்கே நம்பிக்கை வரவில்லை. "நிஜமாவே கம்மியா?" என்று கேட்டார்.

"நிஜமாவே கம்மி அக்கா."

"பாத்தியா!" என்றார் அக்கா. "எனக்குத் தெரிஞ்சுடுச்சு பாத்தியா!" உப்பைத் தூவிக்கொண்டு அதை முடித்தார். இன்னொன்று கேட்டார். முட்டை வைத்தது ஒன்று. மூன்றாவதில் இருந்தபோது மணி நாலு ஆகிவிட்டது. ஷட்டருக்கு அடியில் ஒரு ஜோடி நடைப்பயிற்சிக் காலணி குனிந்து நுழைந்தது.

பாலம் சார் தூணருகில் வந்து நின்றார். தன் நாற்காலியில் தன் மனைவி.

"நடந்தாச்சா?" என்று அக்கா கேட்டார்.

"ஆச்சு. இல்ல... இப்பத்தான்..."

"உக்காருங்க. மடிச்சது நல்லா இருக்கு. உங்களுக்குத்தான் தெரியுமே." பாலம் சார் கை வைத்ததும் மேஜை ஆடியது. "என்ன கடை இது, மேஜை ஆடுது. சிங்கப்பூர்ல..." சொல்ல வந்ததை அக்கா பாதியில் விழுங்கினார். "எங்கயும் ஆடக் கூடாது. ஒரு காகிதம் வைக்கறதுக்கு வீட்டுல இன்ஜினியர் இல்லையா?"

பாலம் சார் குனிந்து பார்த்தார். "சரியான தடிமன்..."

"ஒரு நிமிஷம் சார்" என்றாள் தையல்காரி.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பத்து நாற்பதுக்கு இருபது போன்களும் சிணுங்கின. தையல்காரி நகத்தைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"எல்லாருக்கும் வணக்கம். இன்னைக்கு துருக்கி, அதைச் சாப்பிட்டுட்டுச் சொல்றேன். நேத்து மெக்சிகோ. மடிக்கறது சுலபம்னு யாரோ சொல்லிட்டுத் திரியறாங்க. மடிக்கறதுக்கு ஒரு கை வேணும். நான் மெக்சிகோவுல இருந்தப்போ சந்தைக்குப் பக்கத்துல ஒரு அம்மா மடிச்சுக் குடுப்பாங்க. நம்ம கப்பல் தம்பிக்கு அதே கை. உப்பு மட்டும் கொஞ்சம் கம்மி, சொல்லி வச்சிருக்கேன். புதன்கிழமை வந்த தீஞ்ச வாசனை இவங்களோடது இல்ல. விசாரிச்சுட்டேன். வேற எங்கேர்ந்தோ வந்திருக்கு."

உடனே பதில்கள். 'நானும் அப்பவே நினைச்சேன் அக்கா.' பல் டாக்டர்: 'பேஷன்ட்டும் அதையேதான் சொன்னார்.' செயலாளர்: 'அடுத்த கூட்டத்தின் முதல் பொருள் ரத்து.'

மதியம் நாலு மேஜைக்கும் ஆள் போதாமல், இரண்டு பேர் தையல் மிஷின் மேல் தட்டை வைத்துக்கொண்டு நின்றபடி சாப்பிட்டார்கள். பல் டாக்டர் ரொட்டியில் மிருதுவான பக்கமாகப் பார்த்துக் கேட்டு வாங்கிக்கொண்டார். எல்லோரும் முதல் வாயைப் போட்டதும் ஒருவரையொருவர் பார்த்து, "உப்பு கொஞ்சம் கம்மியோ?" என்றார்கள். உப்பு அன்றைக்குச் சரியாகவே இருந்தது.

மூன்று மணி தாண்டியும் அக்கா மூன்றாம் மேஜையில் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். துருக்கியின் பருப்பு சூப்புக்கு ஆறு கருத்து சொல்லியாகிவிட்டது. ஏழாவதுக்குக் கப்பலைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"தம்பி, எலுமிச்சையை முதல்லயே புழியக் கூடாது. நான் அங்க இருந்தப்போ... சரி, நேத்து யோசிச்சுப் பாத்தேன், கடைசியில புழிஞ்சா நல்லா இருக்கும்னு தோணுது. கிண்ணத்தைச் சூடு பண்ணிட்டு ஊத்து. அந்தக் கரண்டி பெருசு. நாளைக்கு போர்ச்சுகல்தானே, நான் பத்து மணிக்கே வந்துடறேன், பக்கத்துல நின்னு சொல்றேன்."

கப்பல் வியர்வையைத் துடைத்துக்கொண்டு கல்லாவுக்கு வந்தார்.

"கப்பல்ல கேப்டன் ஒருத்தர்தான் குறை சொல்வார். அதுவும் வாரத்துக்கு ஒரு தடவை" என்றார் மெதுவாக. "நாளைக்கு முப்பதாம் தேதி. அந்த லெட்டர் எங்க வச்சே?"

தையல்காரி தலையை நிமிர்த்தாமல் அடுத்த தட்டுக்குக் கரண்டி எடுத்து வைத்தாள்.

"மூணாம் மேஜைக் காலுக்கு அடியில. நாலு பக்கத்தையும் சேர்த்து நாலா மடிச்சா சரியா ரெண்டு மில்லி வருதாம், சார் அளந்து பாத்துட்டார்."

அவர் திரும்பிப் பார்த்தார். அக்கா இரண்டு முழங்கையையும் ஊன்றிப் பேசிக்கொண்டிருந்தார். மேஜை கொஞ்சமும் ஆடவில்லை.

"அப்பா!" என்று வாசலில் குரல் கேட்டது. பள்ளி விட்டு வந்த மகள், பையைக் கழற்றாமல் நேராக அடுப்படித் திரையை விலக்கித் தேடினாள்.